சந்தை மூடும் கணக்கு

மேல்வரிசையின் நடுவிலுள்ள இரு வெட்டுப்பற்களுக்கும் இடையே விழும் சந்து நோயன்று. குழந்தைகள் பலருக்கு இயல்பாகவே காணப்படும் அது, 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கி நெருக்கும்போது பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது. மூடாமல் தங்கிவிடுவதை மறைக்க வெனீர், அதாவது பல்லின் முன்முகத்தில் ஒட்டப்படும், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பீங்கான் ஓடு, உதவுகிறது.

ஆனால் இம்முறையில் சந்து நீங்குவதில்லை. இரு பற்களுக்கும் பங்கிடப்படுகிறது. சந்து 2 மி.மீ. என்றால் எட்டரை மி.மீ. அகலப் பல் ஒவ்வொன்றும் ஒன்பதரை ஆகிறது. உயரம் பத்தரை அளவிலேயே நிற்பதால், பல் சதுரக் கட்டியாகத் தெரியத் தொடங்குகிறது. ஆகவே பல்லின் முகத்தில் ஒளி பட்டுத் தெறிக்கும் பரப்பின் இருபுற விளிம்புகளையும் சற்றே உள்ளொடுக்கிச் செதுக்குகின்றனர். பார்ப்பவர் கண் அவ்விளிம்புகளுக்கு இடைப்பட்டதையே பல்லின் அகலமாகக் கொண்டு ஏமாந்துபோகிறது. தேர்ந்த கைவினைஞருக்குத் தரும் கூலியில் பாதி இந்த நயமான பொய்க்கே உரியது எனலாம்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்கக்கூடியவள் ஒருத்தி 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இயற்றிய ‘காண்டர்பரி கதைக’ளில் இருக்கிறாள். பாத் நகரப் பகுதியைச் சேர்ந்த அப்பெண்மணி, நெசவில் பேர்பெற்றவள். ஐந்து கணவரை மணந்து, மும்முறை எருசலேம் யாத்திரை போய்வந்தவள். கணவனின் புத்தகத்தைக் கிழித்து, அதற்கு வாங்கிய அடியில் ஒரு காது மந்தமானவள். அவளுடைய பற்சந்தைச் சாசர் சொல்லிவிட்டு நகர்ந்தாலும், அவள் விடுவதாயில்லை; அது தனக்கு அழகாகவே பொருந்தியது என்றும், காதல் தெய்வமான வீனஸ் இட்ட முத்திரை என்றும் தன் வாயாலேயே பெருமை பேசுகிறாள். உடற்குறி கொண்டு குணம் கணிக்கும் அக்கால முகக்குறி நூல்களின் சாயல் இதில் இருந்தாலும், தன் வாய்க்குத் தானே உரையாசிரியராகும் அந்தத் துணிவு அவளுக்கே உரியது.

மறைக்க விரும்பியவர்களுக்கும் வெனீர் உடனே நிலையாக வாய்த்துவிடவில்லை. 1930களின் ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்குச் செய்தளித்த ஓடுகள், பொய்ப்பல் பசைத்தூளால் ஒட்டப்பட்டுப் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றப்பட்டன. 1955இல் மைக்கேல் புவோனோகோர் என்ற பல் மருத்துவர், பல்லின் மேலுறையான எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் இறுகப் பற்றும் என்று காட்டினார். 1980களில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்தபின் ஓடு பல்லோடு ஒன்றாயிற்று.

பற்சந்துக்காகவே பேர்பெற்ற அமெரிக்க விளம்பர அழகி லாரன் ஹட்டன், தொடக்க காலத்தில் பிணங்களைச் சீர்செய்வோர் பயன்படுத்தும் மெழுகால் அதை அடைத்துக்கொண்டு ஒளிப்படத்துக்கு நின்றவர். 1973இல் ரெவ்லான் நிறுவனத்தின் பெரும் ஒப்பந்தம் அவரைச் சந்தோடேதான் தேடிவந்தது. மனம் மாறியபோது மெழுகைச் சுரண்டி எறிவது அவருக்கு எளிதாக இருந்தது. வெனீரையோ பெரும்பாலும் துளைப்பானால் அரைத்துத்தான் எடுக்க வேண்டும், அதைப் பொருத்துவதற்காகத் தேய்த்த எனாமலும் மறுபடி வளர்வதில்லை.