அந்த 21 நாள்

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டுப் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஒருவன் குவைத்தில் எரிவாயுக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இன்னொருவன் பல்லடம் பக்கம் தோட்டம் பார்க்கிறான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

"2025 ஜனவரியில அவிநாசி ரோடு மேம்பாலத்துல கேஸ் டேங்கர் கவுந்து, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டாங்களே, மறந்துட்டயா? அதே கேஸ் குழாயில வந்திருந்தா?" என்று கேட்டான் குவைத்துக்காரன். "குழாய் உன் அப்பன் தோட்டத்துலயா போகுது?" என்று இவன் திருப்பிக் கேட்டான். அதற்கு மேல் வந்த வார்த்தைகளை நான் இங்கே எழுத மாட்டேன். கடைசியில் இரண்டு பேரும் "சார், நீங்களே சொல்லுங்க" என்று என் தலையில் போட்டுவிட்டார்கள்.

ஒரு வாரமாக நான் வாய் திறக்கவில்லை. பதில் தெரியாமல் இல்லை. சொல்வதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1972-இல் எனக்கு 15 வயது. மின் கட்டண உயர்வை எதிர்த்து வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டார் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குக் கிளம்பியது. எங்கள் அப்பாவும் கிளம்பினார். நான் வண்டியில் வைக்கோல் மேல் உட்கார்ந்துகொண்டேன். டவுன் ரோடு முழுக்க வண்டிகள். கார் போகவில்லை, பஸ் போகவில்லை. அன்று ராத்திரி வண்டிக்கு அடியில்தான் படுத்தோம்.

"இத்தனை வண்டி எதுக்குங்கப்பா? யூனிட்டுக்கு ஒரு பைசா ரெண்டு பைசாவுக்கா?" என்று கேட்டேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1970 ஜூனில், பெருமாநல்லூரில் இதே கட்டணப் பிரச்சினைக்காகத் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்திருந்தார்கள். அப்பா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "பைசாவுக்கு இல்லடா கண்ணு. நம்மளை ஒரு வார்த்தை கேக்கலையே, அதுக்குத்தான்."

அப்பா சின்ன வயதில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர். 1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின, தோட்டத்துக்கு மோட்டாரும் வந்தது. கரண்ட் இல்லாமல் கொங்கு நாடு இல்லை. 1990-இல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதைப் பார்க்க நாயுடு இல்லை, 1984-லேயே காலமாகிவிட்டார்.

அந்த வண்டியில் போன பையன்தான் பிறகு உங்களுக்குச் சமூக அறிவியல் வாத்தியாராக வந்தேன். தமிழ்நாட்டு வரைபடத்தில் நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் என்று புள்ளி வைக்கச் சொல்வேன், நினைவிருக்கிறதா? "காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைக்கின்றன", ஒரு மார்க். அந்த எரிவாயுவில் குத்தாலத்திலும் திருமாகோட்டையிலும் மின்சாரம் எடுக்கிறார்கள். அதுவும் நம் மோட்டாருக்கு வரும் மின்சாரத்தோடு சேர்ந்ததுதான். ஆனால் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வயல் என்று நான் ஒரு நாளும் சொல்லித் தரவில்லை. எனக்கே அது தோன்றவில்லை.

தோன்ற வேண்டிய நாள் ஒன்று வந்தது. எந்த வருடம், எந்தக் குழாய் என்று சொல்லப் போவதில்லை. பல்லடத்துக்காரனே, உனக்குத் தெரியும். அது உன் அப்பா.

நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தது. ஒரு சாயங்காலம் அவர் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து, "வாத்தியாருங்க, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். குழாய் போகிறது, நிலத்தில் உபயோக உரிமை எடுக்கிறோம் என்ற அறிவிப்பு.

1962-ஆம் வருடச் சட்டம் அது. நிலம் உங்கள் பேரிலேயே இருக்கும், பட்டாவும் இருக்கும். ஆனால் குழாய்க்கு என்று எடுக்கும் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. அதற்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் தருவார்கள். பயிர், மரச் சேதத்துக்குத் தனி. சம்மதம் இல்லையென்றால் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தர வேண்டும். தந்தால் நேரில் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும்.

அவருக்கு இருந்ததே மூன்று ஏக்கர். அந்தப் பட்டையில் காய்ப்புக்கு வந்த தென்னை இருந்தது. பழைய கிணறு வற்றிப்போய், புதுக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்து வைத்திருந்த இடமும் அதிலேயே இருந்தது. "ஒரு ஆட்சேபணை மனு எழுதிக் குடுங்க. நான் கையெழுத்துப் போட்டுக் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தர்றனுங்க" என்றார்.

நான் எழுதித் தரவில்லை.

"ஏனுங்கண்ணா, நாட்டு முன்னேற்றத்துக்குன்னு வருது. நாலு பேர் நல்லா இருக்கோணும்னா நாம கொஞ்சம் விட்டுக்குடுக்க வேண்டாமா? நிலம் உங்க பேர்லதான இருக்குது?" என்றேன். வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். உண்மை அதுவல்ல. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் அரசுத் திட்டத்துக்கு எதிராக மனு எழுதினால், கையெழுத்தைப் பார்த்து யாராவது கண்டுபிடித்துவிட்டால், பென்ஷனுக்குச் சிக்கல் வருமோ என்று பயந்தேன். இவ்வளவுதான்.

அவர் காகிதத்தைப் பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

21 நாளும் கழிந்தது. அப்புறம் மிஷின் வந்தது, தென்னை விழுந்தது, இழப்பீடும் வந்தது. கிணறு மட்டும் வெட்ட முடியவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகன் கல்யாணத்தில் முதல் பந்தியில் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அதே காலத்தில்தான் கெயில் பிரச்சினை பெரிதானது. கொச்சியிலிருந்து பெங்களூரு போகும் குழாய், நம் கோவை, திருப்பூர், ஈரோடு தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டத்து விளைநிலங்களில் சுமார் 310 கிலோமீட்டர். விவசாயிகள் குழாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்றார்கள். அங்கே பதித்தால் பாதுகாப்பும் ரோடு விரிவாக்கமும் சிக்கலாகும் என்பது எதிர்வாதம். 2013 மார்ச்சில் விவசாயிகளிடம் கருத்துக் கேட்டபின், ரோட்டோரமாகவே போகட்டும் என்று ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. குழாய் மத்திய அரசின் அதிகாரம், மாநிலம் குறுக்கே நிற்க முடியாது.

கனடாவில் கால்கரியில் இருக்கும் என் மச்சினர் மகளிடம் பொங்கலன்று இதைச் சொன்னேன். "இங்கயும் இதே கதைதாங்க மாமா" என்றாள். ஆல்பர்ட்டாவில் எண்ணெய் எடுக்கிறார்கள், அதைக் கடலுக்குக் கொண்டு போகப் பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியா வழியாகக் குழாய் போக வேண்டும். அந்த மாகாணம் மறுத்தது. 2018-இல் மத்திய அரசே குழாயை விலைக்கு வாங்கியது. 2020 ஜனவரியில் அவர்கள் உச்ச நீதிமன்றமும் மாகாணத்தின் வாதத்தை ஏற்கவில்லை. ஒரு வித்தியாசம், அங்கே இயற்கை வளத்தின் மேல் மாகாணங்களுக்கு அரசியல் சட்டத்திலேயே உரிமை உண்டு. இங்கே எண்ணெய் வயல்களும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன.

டெல்டாக்காரர்கள் என்ன செய்தார்கள்? மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தின் நடுவே 2013 டிசம்பர் 30-இல் நம்மாழ்வார் ஐயா காலமானார். 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். 2020 பிப்ரவரியில் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது. அதை அறிவித்த எடப்பாடி பழனிசாமி கொங்குக்காரர், அறிவித்த இடம் சேலம் மாவட்டம் தலைவாசல். ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்க் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. புதிது வராமல் தடுத்தது. அதே ஆட்சிக் காலத்தில்தான் ராய்கர்–புகளூர் உயர் மின்கோபுரங்கள் நம் தோட்டங்களில் எழுந்தன. அதற்குப் பயன்பட்டது 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் அதிகாரம். தந்தி சேவையையே 2013-இல் நிறுத்திவிட்டார்கள், சட்டம் மட்டும் நம் காட்டில் கம்பம் நட வந்தது. நெடுவாசல்காரர்கள் உட்கார்ந்தபோது நம்மில் எத்தனை பேர் போனோம்? நான் போகவில்லை. டிவியில் பார்த்தேன்.

இப்போது உங்கள் இருவருக்கும் பதில்.

குவைத்துத் தம்பி, நீ சொல்வது சரி. டேங்கரை விடக் குழாய் நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாட்டுக்கு நல்லது என்று சொல்லி, அந்த இடத்துக்காரரைக் கேட்காமல் விடாதே. நான் அதைத்தான் செய்தேன். கேட்டால் ஒருவேளை பத்தடி தள்ளிப் போயிருக்கும், ஒரு கிணறு பிழைத்திருக்கும். பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் கேட்டார்கள் என்ற ஒன்று அவருக்கு இருந்திருக்கும்.

பல்லடத்துத் தம்பி, உன் கோபம் நியாயம். ஆனால் அது உன் சிநேகிதன் மேல் வர வேண்டிய கோபம் இல்லை. கொஞ்சம் என் மேல் வர வேண்டியது. உன் அப்பா இருக்கும்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றுப்பட்டில் யாருக்கு எந்த நோட்டீஸ் வந்தாலும் கொண்டு வருகிறார்கள். குழாயோ, கோபுரமோ, ரோடோ, நான் படித்துச் சொல்கிறேன், மனுவும் எழுதித் தருகிறேன். எதிர்த்துத்தான் எழுத வேண்டும் என்று இல்லை. சம்மதம் என்றால் சம்மதம் என்றும் எழுதலாம். அது அவரவர் முடிவு.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்படி ஏதாவது காகிதம் வந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். முதலில் தேதியைப் பாருங்கள். நாளை எண்ணுங்கள்.

எல்லாரும் நல்லா இருங்க. இரண்டு பேரும் இன்று ராத்திரிக்குள் ஒருவருக்கொருவர் போன் பண்ணிப் பேசிவிட்டு எனக்குச் சொல்லுங்கள். இது வாத்தியார் உத்தரவு.