வாப்பாவின் மைனர்

அரபுக் கல்லூரியில் பாடம் நடத்தும் மௌலவிக்குக் காரைப் பற்றி என்ன பேச்சு என்று சகோதரிகள் புன்னகைக்கலாம். என் பலவீனத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பழைய கார் ஒன்று வீதியில் போனால் என் கண்ணும் அதன் பின்னால் போய்விடும்.

சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் மாணவன் ஒருவன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். 1964ஆம் ஆண்டின் அமெரிக்க பொன்டியாக் ஜி.டி.ஓ.

"ஹஸ்ரத், இதல்லவா கார்!"

அவன் ஆசையில் பிழையில்லை. நடுத்தரமான காருக்குள் பெரிய காரின் 6.4 லீற்றர் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். 325 குதிரை வலு. இளைஞர்கள் மயங்கினார்கள்; மற்றக் கம்பனிகளும் போட்டிக்கு இறங்கின. தசைப்பலம் கொண்டவை என்ற பொருளில் அவற்றை 'மசில் கார்' என்றார்கள். பிறகு காப்புறுதிக் கட்டணம் ஏறியது. புகைக் கட்டுப்பாடுகள் வந்தன. 1973இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. அந்த ஆட்டம் ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. இன்று அவற்றில் நல்லவை ஏலத்தில் பெரும் விலைக்குக் கைமாறுகின்றன. வீதிக்கென்று செய்த கார்கள் பல, வீதியையே காணாமல் உறங்குகின்றன.

"எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. 37 குதிரை வலு" என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

அது வாப்பாவின் மொரிஸ் மைனர். 1957ஆம் ஆண்டுக் கார், 948 சி.சி. எஞ்சின். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த வகை. மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால், அதை நெடுக இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகட்டச் செய்தாராம். பொனட்டின் நடுவில் ஓடும் பட்டி அந்த வெட்டின் தழும்புதான். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் நம் நாட்டுக்குப் புதிய கார்கள் வருவது அரிதானது. 1977க்குப் பின் ஜப்பான் கார்கள் பெருகும்வரை இருப்பதையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். மைனர் அதற்குத் தோதான கார். கராஜ் பாஸ் அதை மரநிழலிலேயே கழற்றிப் பூட்டிவிடுவார்.

1990 ஒக்டோபர் கடைசி. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். நான் அப்போது சிறுவன். வாப்பா பின்சீற்றைக் கழற்றித் திண்ணையில் போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். பிள்ளைத்தாய்ச்சிகளையும் நடக்க முடியாத முதியவர்களையும் கரையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எத்தனை தடவை போய் வந்தார் என்று அவருக்கே தெரியாது. மறுநாள் உம்மா காரைக் கழுவியபோது அடித்தகடு முழுக்கக் கடல் மணலும், நனைந்த சேலைகள் சொட்டிய உப்புத் தண்ணீரும். அந்த இடத்தில் பிடித்த துருவை வாப்பா கடைசிவரை ஒரு குறையாகச் சொன்னதில்லை.

அவர் மௌத்தான பின் கார் என் கைக்கு வந்தது. நான் முதலில் செய்த வேலை, அந்தத் துருத் தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டியதுதான். புதுப் பெயின்ற் அடித்தேன். படங்கு போர்த்தினேன். மழையில் எடுப்பதில்லை, கடற்கரை வீதியில் எடுப்பதில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்றதும் விலை கேட்டு வருவோர் கூடினார்கள். என் பெருமையும் கூடியது.

ஒரு மாரி இரவு இளைய மகளுக்குக் கடும் காய்ச்சல். வீதியில் முழங்கால் அளவு தண்ணீர். "முச்சக்கர வண்டி ஒன்றைக் கூப்பிடுவோம்" என்றேன். அது வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டபடி, படங்கு மூடிய காருக்குப் பக்கத்திலேயே நின்றார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தேறிவிட்டாள். வீடு திரும்பிய பிறகுதான் மனைவி வாய் திறந்தார்.

"உங்கட வாப்பாட்ட இருந்தது காரு. உங்களிட்ட இருக்கிறது அலுமாரிச் சாமான்."

வீண்விரயம் கூடாது என்று ஆண்டுக்கணக்காகப் பாடம் சொன்னவன் நான். ஓடக்கூடிய காரை ஓடவிடாமல் வைத்திருப்பதும் விரயம்தான் என்பது அன்றுவரை எனக்கு உறைக்கவில்லை. 325 குதிரை வலுவில் மயங்கிய அந்தப் பிள்ளையைவிட நான் எந்த விதத்தில் மேல்?

அடுத்த நாள் படங்கைச் சுருட்டி வைத்தேன். இப்போது மைனர், கிளினிக் போகும் அயல்வீட்டுத் தாய்மாரை ஏற்றுகிறது, மழையிலும் போகிறது. திரும்பும்போது பக்கவாட்டில் நீளும் சிக்னல் கையைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கதவின் அடியில் புதிதாகத் துரு தெரிகிறது. தேய்த்துப் பெயின்ற் அடிப்பேன். ஆனால் காரை மூடி வைக்கமாட்டேன்.

போன வெள்ளி அந்த மாணவனையும் ஏற்றிக்கொண்டு போனேன். "37 குதிரை வலு போதுமா ஹஸ்ரத்?" என்று மறுபடியும் கேட்டான். பின்சீற்றில் மருந்துப் பையோடு இருந்த அயல்வீட்டு மூதாட்டி முந்திக்கொண்டார்:

"எனக்குப் போதும் மகன்."