கூடமும் ஒலிபெருக்கியும்

செவிக்கென்று வாங்கும் பொருளைக் கண்ணாற் பார்த்து வாங்குவது நம்மவரிடையே பெருவழக்காயிருக்கின்றது. ஒலிபெருக்கி அத்தகைய பொருள்களுள் ஒன்று. கடைகளில் 'டவர் ஸ்பீக்கர்' என்று வழங்கும் மூன்றடி, மூன்றரையடி உயரமுள்ள நெடிய பெட்டிகள், துவாரபாலகர் இருவரைப்போலத் தொலைக்காட்சியின் இருமருங்கும் நின்றால் வீட்டிற்கு ஒரு மதிப்பு உண்டாகிறதென்பது மெய்யே. ஆயினும் அவை எவ்வளவு நன்றாய் ஒலிக்கும் என்பது பெட்டியை மாத்திரம் பொறுத்ததன்று. அவை நிற்கப்போகும் கூடத்தையும், எதிரே அமரப்போகும் செவியையும் பொறுத்ததாகும். அம்பத்தூரிலுள்ள எங்கள் வீட்டிற்கு இவ்வகை ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபொழுது, பௌதிக வகுப்பிற் படித்த சில செய்திகள் வீட்டுக் காரியத்திற்கு உதவின. அவற்றை இங்கே எழுதலாமென்று எண்ணுகின்றேன்.

என் தகப்பனார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே, தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் யந்திரங்களின் நடுவே முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரொலியில் நெடுங்காலம் உழைப்பவர்களுடைய செவி முதலில் இழப்பது விநாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய மேல் ஒலிகளையே. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்று தொழிற்சாலை விதிகள் ஓர் எல்லை வகுத்திருக்கின்றன. தகட்டில் யந்திரம் இறங்கும் கணத்தில் எழும் ஒலி அவ்வெல்லையைக் கேட்டுக்கொண்டு எழுவதில்லை. தகப்பனாருக்குப் பேச்சு கேட்கும், ஆனால் விளங்காது. 'படி' என்றாலும் 'தடி' என்றாலும் அவருக்கு ஒன்றே. உயிரெழுத்துக்கள் கீழ்ஒலியில் உரத்து நிற்க, அவற்றைப் பிரித்துக் காட்டும் வல்லெழுத்துக்களின் வெடிப்பு மேல்ஒலியில் மெலிந்து மறைந்துபோவதே இதற்குக் காரணம். தொலைக்காட்சியின் ஒலியை அவர் கூட்டுவார், தாயார் குறைப்பார். இப்படிச் சிலகாலம் சென்றபின், நாங்கள் படம் பார்க்கும் வேளைகளில் அவர் வாசற்படியில் நாற்காலியைப் போட்டுத் தெருவைப் பார்த்து அமர்ந்துவிடுவது வழக்கமாயிற்று. "எனக்கு எதற்கப்பா, நீங்கள் பாருங்கள்" என்பார். அவர் காது கேளாதவர் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டோம். ஒலியைப்பற்றிய எந்தப் பேச்சிலும் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்பாரில்லை.

இதில் ஒரு விந்தையுண்டு. ஆடி மாதத்தில் தெருமுனைக் கோயிலில் கட்டும் கூம்புக் குழாயின் அறிவிப்பு, வாசலில் அமர்ந்திருக்கும் தகப்பனாருக்குச் சொல்லுக்குச் சொல் விளங்கும். "நாளைக்குக் கூழ் வார்க்கிறார்களாம்" என்று எங்களுக்கு அவரே தெரிவிப்பார். அக்கூம்பு இசைக்கு உதவாத கருவி. ஆழ்ந்த ஒலியை அது தருவதில்லை. ஆனால் பேச்சுக்கு வேண்டிய நடு ஒலிகளையும் அவற்றிற்கு மேற்பட்டவற்றையும் ஒரே திசையில் குவித்து எறிகின்றது. எங்கள் மெல்லிய தொலைக்காட்சியிலோ, விரல் அகலமுள்ள இரண்டு சிறு ஒலிபெருக்கிகள் பின்புறமாகச் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அவருக்குக் குறைவாயிருந்தது ஒலியின் அளவன்று, தெளிவே என்பது எனக்கு இதனாற் புலப்பட்டது.

வாங்குவதென்று தீர்மானமானவுடன் வீட்டில் கட்சிகள் தோன்றின. என் தம்பி சினிமாக் கட்சி. டால்பி முறை ஒலி 1995-இல் 'குருதிப்புனல்' படத்தில் அமைந்ததையும், தலைக்கு மேலிருந்தும் ஒலி இறங்கும் அட்மாஸ் முறை 2012-இல் 'சிவாஜி' படத்தின் முப்பரிமாணப் பதிப்பில் வந்ததையும் எடுத்துக்கூறி, "குண்டு வெடித்தால் நெஞ்சு அதிர வேண்டும், அண்ணா" என்றான். நெஞ்சு அதிர்ந்தாலும் அலமாரியிற் பாத்திரம் அதிரக்கூடாதென்பது தாயார் கட்சி. தகப்பனார் ஒரு கட்சியிலும் சேரவில்லை. பணம் அவருடையது, தொண்ணூறாயிரம் ரூபாய்க்கு மேற்படலாகாது என்று மாத்திரம் சொன்னார்.

இக்காலத்து ஒலிபெருக்கியின் அடிப்படை ஏறக்குறைய நூறாண்டு பழைமையுடையது. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-இல் வெளியிட்ட அமைப்பே இன்றும் வழங்குகின்றது: காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள்; அச்சுருளோடு ஒட்டிய ஒரு கூம்புத்தாள்; மின்சாரம் ஓடுந்தோறும் தாள் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது. ஆழ்ந்த ஒலிக்கு மிகுந்த காற்றைத் தள்ளவேண்டுமாதலின் பெரிய தாளும், அதன் பின்னே மிகுந்த வெளியும் தேவை. நெடிய பெட்டியின் நியாயம் இதுவே. அலமாரியில் வைக்கும் சிறு பெட்டியை வாங்கினாலும் அதற்கு ஒரு தாங்கி வேண்டும். தாங்கி அடைக்கும் தரையும் நெடிய பெட்டி அடைக்கும் தரையும் ஒன்றே. எனவே சங்கீதத்திற்கும் சினிமாவிற்கும் ஒருங்கே உதவவேண்டுமானால் நெடியதே தக்கதென்று துணிந்தேன்.

ரிச்சித் தெருவிற்குத் தகப்பனாரையும் உடன் அழைத்துச் சென்றேன். அவர் வர மறுத்தார். மூர்மார்க்கெட்டிலிருந்து பஸ் மாறவேண்டியதில்லை, நேரே ரயிலில் இறங்கி நடந்துவிடலாம் என்று சொல்லி இணங்கச் செய்தேன். கடைகளில் ஒலிபெருக்கியைக் காட்டும் அறை கம்பளம் விரித்துத் திரை தொங்கவிட்டது. நம் வீட்டுக் கூடம் அவ்வாறிராது. இன்னொன்றையும் வாங்குவோர் நினைவில் வைத்தல் நலம். இரண்டு பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாய்க் கேட்கும்போது, சிறிதளவு உரத்து ஒலிப்பதே சிறந்ததென்று செவி ஏமாந்துபோகும். ஆகையால் இரண்டையும் ஒரே அளவிற்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்யும்படி கேட்டுக்கொண்டேன். கடைக்காரர் ஆகாய விமானம் மோதும் காட்சியைப் போட விரும்பினார். நான் கொண்டுபோனவை நான்கு பதிவுகள்: ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம், தம்புராவோடு ஒரு பெண் குரல், ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம், ஒரு படத்தில் இருவர் மழையிற் பேசிக்கொள்ளும் காட்சி.

மிருதங்கத்தை முதலில் வைத்ததற்குக் காரணமுண்டு. பொதுவாகத் தோற்கருவியின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. அதனால் அதன் ஒலி வெறும் ஓசையாய் முடியும். வலந்தலையின் நடுவே அப்பிய கரிய சோறு அம்மேற்சுரங்களை ஒரு சீரான வரிசையில் நிறுத்தி, தோலைத் தந்தியைப்போலப் பாடச் செய்கிறதென்பதை ஸி. வி. ராமன் அவர்கள் 1920-இல், சிவகாளி குமார் என்பவரோடு, 'நேச்சர்' பத்திரிகையில் விளக்கினார். 1934-இல் மீண்டும் விரிவாய் எழுதினார். ஆகவே நல்ல ஒலிபெருக்கியில் வலந்தலையின் சாப்பு சுருதியோடு நின்று ஒலிக்கவேண்டும். தட்டுப்போல் ஒலித்தால் மேல்ஒலியில் ஏதோ பழுதுண்டு. இடந்தலையின் கும்கி அதனினும் கடுமையான பரீட்சை. மணிக்கட்டின் அழுத்தத்தால் ஆழ்ந்த ஒலி வழுக்கிக்கொண்டு ஏறும் அவ்விடத்தில், பெட்டி ஏதேனும் ஒரு சுரத்தை மாத்திரம் மிகுத்துக் காட்டுமாயின் அப்பொழுதே வெளிப்பட்டுவிடும்.

இவ்விடத்திலேதான் நான் எதிர்பாராதது நிகழ்ந்தது. எட்டு அங்குலத் தாள்கள் இரண்டுடைய பெரிய ஜோடி ஒன்றும், ஆறரை அங்குலத் தாள்களுடைய நடுத்தர ஜோடி ஒன்றும் எங்கள் பணத்திற்குள் அடங்கின. பெரியது கேட்ட மாத்திரத்தில் கம்பீரமாயிருந்தது. எனக்கும் மனம் அதன்பாற் சென்றது. தகப்பனார் இளமையில் காஞ்சீபுரத்தில் இரண்டாண்டு மிருதங்கம் பயின்றவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இல்லையப்பா, இதிலே கும்கி ஓரிடத்தில் வீங்குகிறது. மற்றதில் ஒழுங்காய் வழுக்குகிறது" என்றார். மறுபடியும் போடச் சொன்னோம். ஒரே இடத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்தோம். அவர் சொன்னது சரி. பேரொலி அவருடைய செவியில் அழித்தது மேல்ஒலியை மாத்திரமே. கீழ்ஒலி பழுதின்றி இருந்தது. தம்பி விரும்பிய ஆழ்ந்த அதிர்வைச் சோதிக்க எங்கள் குடும்பத்தில் அவரினும் தக்கவர் இல்லை என்பது அன்று தெரியவந்தது. கடைக்காரரும் "ஐயா சொல்வது சரிதான், சார்" என்று அதை ஒப்புக்கொண்டார். அவ்வொரு சொல்லுக்குப் பிறகு தகப்பனார் மூன்று மணி நேரம் அக்கடையை விட்டு எழுந்திருக்கவில்லை.

நடுத்தர ஜோடியை முன்பணம் கட்டி இரண்டு நாள் வீட்டிற்கு எடுத்துவந்தோம். எங்கள் கூடம் பதினாறடி நீளம், பதினோரடி அகலம், பத்தடி உயரம். செங்கற்சுவர், வழவழப்பான தரை. எதிரெதிர்ச் சுவர்களிடையே ஒலி சென்று மீளுகையில், அறையின் அளவிற்கு இசைந்த சில அதிர்வுகள் மாத்திரம் பெருகும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்லுமென்று கொண்டு கணக்கிட்டால், நீளத்திற்கு 36, அகலத்திற்கு 52, உயரத்திற்கு 57 அதிர்வுகள் வருகின்றன. பின்னிரண்டும் அண்டை அயலாயிருப்பதால் அவ்விடத்தில் முழக்கம் மிகும். எட்டு அங்குல ஜோடியை இங்கே கொண்டுவந்திருந்தால், வீங்கியது மேலும் வீங்கியிருக்கும்.

பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒன்றரையடி முன்னுக்கு நகர்த்தினேன்; பின்சுவரை ஒட்டிக்கிடந்த திவானை இரண்டரையடி முன்னே இழுத்தேன். சுவரோரத்திலும் மூலையிலும் கீழ்ஒலி குவிந்து நிற்குமாதலால், இவ்விரு செயல்களால் முழக்கம் பாதியாய்க் குறைந்தது. காசு செலவில்லை, கூடத்தில் நடமாடுதற்கு இடங் குறைந்ததென்று தாயார் மாத்திரம் குறைகூறினார்.

முழக்கத்தை அடுத்தது எதிரொலி. ஹார்வர்டு சர்வகலாசாலையில் சொற்பொழிவு விளங்காத ஒரு மண்டபத்தைத் திருத்தும்படி 1895-இல் ஏவப்பட்ட வாலஸ் ஸாபைன், இரவு நேரங்களில் அயல் மண்டபத்து மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறதென்று அளந்து ஒரு சூத்திரம் கண்டார். அச்சூத்திரப்படி, ஒரு பொருளுமில்லாத எங்கள் கூடத்தில் ஒலி அடங்குவதற்கு மூன்று விநாடிக்குமேல் ஆகும். ஜமக்காளமும், மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் கனத்த பருத்தித் திரைகளும், திவானும், அமர்ந்திருக்கும் நால்வரும் சேர்ந்தால் ஒரு விநாடிக்குக் கீழே இறங்கிவிடும். முந்தின சொல்லின் வால் பிந்தின சொல்லின் தலையை மூடாதிருந்தாலன்றிச் செவி குறைந்தவருக்குப் பேச்சு விளங்காது. திரைச்சீலைக்குச் செலவிட்ட நாலாயிரம் ரூபாய், கம்பிக்கும் பொன்முலாம் பூசிய முனைகளுக்கும் கடைக்காரர் கேட்ட ஆறாயிரத்தினும் ஆயிரம் மடங்கு பயனுடையது என்பது என் துணிபு.

வாட்டுக் கணக்கைப்பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. வாட்டு இரட்டித்தால் மூன்று டெசிபெல்லே கூடும். செவிக்கு இருமடங்காய்த் தோன்றவேண்டுமாயின் பத்து மடங்கு வாட்டு வேண்டும். எங்கள் கூடத்தின் அளவிற்குச் சாமானிய ஆம்ப்ளிஃபையரே மிகை.

தம்பி கேட்டது ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு தனி வூஃபரும். நான் வாங்கியது மூன்று: நெடியவை இரண்டும், அதே குடும்பத்தைச் சேர்ந்த நடு ஒலிபெருக்கி ஒன்றும். சினிமாவில் பேச்சு பெரும்பாலும் அந்நடுவிலிருந்தே வருகின்றது. அதை மாத்திரம் மூன்று டெசிபெல் உயர்த்தி வைத்தேன். தகப்பனாருடைய நாற்காலியை அதற்கு ஆறடி தூரத்தில் போட்டேன். அருகில் அமர்ந்தால் சுவரில் மோதி வருவதினும் நேரே வருவது மிகுதியாய்ச் சேரும். செவி வைத்தியர் கொடுத்த கருவியைப் பேச்சுக்கு அணிந்துகொள்கின்றார். நாகஸ்வரத்திற்குக் கழற்றிவிடுகின்றார், அது தோடியைத் தகர டப்பாவிற் போட்டுக் குலுக்குகிறதாம். பின்புற ஒலிபெருக்கிகளைத் தம்பி தன் சம்பளத்தில் வாங்கிக்கொள்வதென்று ஏற்பாடு.

மழைக் காட்சியில் இருவர் பேசும் அப்படத்தை முதல் நாளிரவு மீண்டும் போட்டோம். சமையலறையிலிருந்து தாயார், "என்ன சொல்லிவிட்டுப் போகிறான் அவன்?" என்று கேட்டார். நானும் தம்பியும் வாய் திறக்குமுன் தகப்பனார் பதில் சொன்னார்.

நெடிய பெட்டி தரையில் நிற்பது; அதிலும் எங்கள் பகுதியில் தரை நம்பத்தக்கதன்று. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அம்பத்தூர், கொரட்டூர்ப் பக்கங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பெட்டிகள் செய்யும் பலகை மரநாரை அழுத்திச் செய்ததாதலால், நீர் பட்டால் ரொட்டிபோல ஊதிவிடும். அடுத்த வீட்டார் ஜோடி ஒன்று 2023-இல் அவ்விதம் போயிற்று. ஆகையால் தனியொருவர் தூக்கக்கூடிய பதினேழு கிலோ எடையே கொள்வதென்றும், தாளின் விளிம்பு கடற்கரை ஈரத்தில் உதிர்ந்துபோகும் நுரைப்பொருளாயிராமல் ரப்பராயிருப்பதே வேண்டுமென்றும் முன்னமே உறுதி செய்துகொண்டேன். கார்த்திகை மழை வலுத்தால் இரண்டு பெட்டிகளையும் கட்டிலின்மேல் ஏற்றுவது தம்பியின் வேலை. ஏற்றவேண்டிய நேரத்தை வாசலில் தண்ணீர் எந்தப் படிவரை வந்திருக்கிறதென்று பார்த்துத் தகப்பனார் சொல்லுவார்.