ஊசியும் ஓய்வும்

1952 ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கையும் சீனாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் அங்கு செல்ல, 270,000 தொன் அரிசி இங்கு வரும் என்பது அதன் சாரம். அவ்விறப்பரிற் கணிசமான பங்கு கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வெட்டி வடித்த பாலாகும். அரிசி வந்து இருபதாண்டுகள் கழிந்த பின்னரே சீனத்து ஊசி இந்நாட்டில் நிலைபெறலாயிற்று.

அக்குபஞ்சர் எனும் அவ்வூசி வைத்தியத்தை இங்கு பரப்பியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் அன்டன் ஜயசூரிய. மேனாட்டு வைத்தியம் கற்று வாதநோய்த் துறையில் ஈடுபட்டிருந்த அவர், எழுபதுகளிற் சீனா சென்று இக்கலையைப் பயின்றார். களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் நோயாளருக்கு இலவசமாக ஊசியிட்டார். பிறநாட்டு மாணவர் பலரும் அவரிடம் கற்க வந்தனர். 2005 இல் அவர் மறைந்தார். முழங்காலும் இடுப்பும் நொந்து வருவோரை நாள்தோறும் கண்ட ஒருவர் ஊசியை நாடியதில் வியப்பில்லை.

அத்தகைய நோயாளரைச் சப்பிரகமுவத் தோட்டங்களிலும் நெடுந்தூரம் தேடவேண்டியதில்லை. பால்வெட்டுந் தொழிலாளி விடியற்காலையிலேயே மலையேறுகிறார். பட்டையைச் சாய்வாகச் சீவுங் கத்தி, மரத்துக்கு மரம் மணிக்கட்டின் அதே அசைவைக் கேட்கிறது. வெட்டு அடிமரத்தை நெருங்க நெருங்க முதுகும் வளைகிறது. பின்னர் வாளி நிறைந்த பாலோடு சரிவில் இறங்கவேண்டும். பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலோ, கூடைக்கயிறு தலையில் அழுந்தக் கழுத்து நோகிறது.

நாட்பட்ட இத்தகைய வலிகளிலேதான் ஊசியின் பயனுக்கு ஆய்வுகள் ஓரளவு சான்று தருகின்றன. போலி ஊசியோடு ஒப்பிடுமிடத்து வேறுபாடு சிறிதே என்பதையும் மறைத்தலாகாது. ஊசியால் ஆகாதவற்றை அறிதலே இதனைப் பயில்வோருக்கு முதற்பாடமாதல் வேண்டும். இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சல் மிகுந்த மாவட்டங்கள். காய்ச்சலோடு கெண்டைக்காற் சதையும் வலிக்கிறதென்று வருபவரை ஊசிக்குக் கிடத்துவது உயிரோடு விளையாடுவதாகும். அவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்.

இயற்கை வைத்தியத்தின் கதை வேறு. ஜேர்மனியின் லைப்சிக் நகரத்து லூயி கூனே வகுத்த இடுப்புக்குளியலைக் காந்தியடிகள் தாமே கைக்கொண்டார். தமிழகத்திற் புதுக்கோட்டை இலட்சுமண சர்மா இத்துறையைத் தம் வாழ்நாட்பணியாக்கினார். இத்தோட்டங்களுக்கு வந்தோர் பலரின் பூர்வீகமும் புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பக்கமே. நீர், வெயில், பழம், உபவாசம், ஓய்வு ஆகியன செலவற்ற மருந்துகள் என்பர். லயக் காம்பராவில் வாழ்பவருக்கு இவற்றுட் செலவற்றது எது? பீலியடியில் வரிசையில் நின்று பிடித்த நீர் உலைக்கே காணாதபோது, இடுப்புக்குளியலுக்கு எங்கே போவது? உபவாசமோ இன்னுங் கொடிது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அரிதாகித் தோட்டங்களிற் பட்டினியால் மாண்டோர் உண்டு. அதனைக் கண்ட தலைமுறையிடம் உண்ணாமையின் பெருமையைப் பேச எவருக்கு நா எழும்?

எல்லாவற்றிலும் அரியது ஓய்வு. “மூன்று நாள் வேலைக்குப் போகாதீர்கள்” என்பது வைத்தியருக்கு எளிய சொல். தொழிலாளிக்கோ செக்றோலில் மூன்று நாட் ‘பேர்’ விழாமற்போகிறது. பேர் விழாத நாளுக்குச் சம்பளமில்லை. ஊசியால் தோள்வலி தணிந்தாலும், மறுநாட் பிரட்டுக்குப் பின் அத்தோள் செல்வது அதே மரத்தடிக்கே. ஆதலின் இம்மலைகளில் இத்தொழில் புரிய முனைவோர், ஊசி குத்தும் இடங்களோடு தோட்டத்தின் நேரத்தையும் கற்கவேண்டியவராவர். பாலை நிறுத்துக் கொடுத்தபின் பிற்பகலிற் சிறிது ஒழிவுண்டு. பிள்ளைகள் பாடசாலையால் வந்து சேருமுன், அடுப்பு மூட்டுமுன், ஊசிகளோடு இருபது நிமிடம் அசையாது படுத்திருக்க ஒரு பெண்ணுக்கு வாய்க்கும் நேரம் அதுவே.