பருவமலை

தில்லியில் ஐப்பசி என்பது ஏழிலைப்பாலை பூத்து மணக்கும் காலம்; மழை அரிது. அம்மாதத்தில்தான் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்ச் செய்தி வாசிக்கும் முறை எனக்கு வந்தது. வீட்டில் தமிழ் பேசுவேன், வாசிப்புதான் தடுமாறும். 'தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது' என்னும் வரியை முதல்நாள் மாலை முழுவதும் பயின்றேன். ஒலிவாங்கியின் முன் நின்றதும் 'பருவமலை' என்றேன்.

எவரும் சிரிக்கவில்லை. பெரும்பாலோர்க்குத் தமிழ் தெரியாதே! தப்பினேன் என்று மகிழாமல் ஏனோ நாணினேன். நண்பகலில் நானே தமிழாசிரியையிடம் சென்று சொன்னேன்.

"ல என்றால் நா பல்லின் அடியைத் தொடும். ழவுக்கு நுனியை மேலே வளை, அழுத்தாதே" என்றார்.

அன்றிரவு தஞ்சாவூருக்குத் தொலைபேசியில் பேசினேன். "தாத்தா, அங்கே மழையா?"

"கேளம்மா" என்று தொலைபேசியைச் சன்னலருகே பிடித்தார்.