காலால் எழுதுகிறவர்கள்

கொலம்பஸ் நகரில், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்ச்சிங் பேண்ட் பயிற்சி செய்யும் திடலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது யாரும் வாசிக்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கருவிகளைத் தூக்கிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் தொடை தரைக்கு இணையாக எழ வேண்டும். 5 கெஜத்தை 8 காலடியில் கடக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தோளைச் சுற்றிக் கிடக்கும் பித்தளை சூசஃபோனின் எடை ஏறத்தாழ 16 கிலோ. அதைச் சுமந்து இப்படி நடக்கும்போதே மூச்சை இழுத்து, மவுத்பீஸிலிருந்து உதடு பிசகாமல் ஊதவும் வேண்டும். ஆட்ட நாளில் ஸ்டேடியத்தின் சரிவுப்பாதை வழியாக இவர்கள் இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 180 தாளம். அதை இளைஞர்களின் உடல்தான் தாங்கும்.

இந்த நடை ராணுவத்திலிருந்து வந்தது. 1862-இன் மோரில் சட்டத்தால் நிலமானியம் பெற்று உருவான கல்லூரிகள் வேளாண்மை, பொறியியலோடு படைப்பயிற்சியும் தர வேண்டியிருந்தது. அப்படி உருவான இந்தக் கல்லூரியில், பயிற்சிப் படை மாணவர்களின் அணிவகுப்புக்காக 1878-இல் குழலும் முரசுமாக ஒரு சிறு குழு அமைந்தது. பிறகு அமெரிக்கக் கால்பந்து வளர்ந்தது; குழுவும் மைதானத்துக்குள் வந்தது. 1934-இல் இயக்குநர் யூஜின் வைகல், கிளாரினெட் போன்ற மர ஊதுகருவிகளை எல்லாம் நீக்கிவிட்டுப் பித்தளையையும் தாளக் கருவிகளையும் மட்டும் வைத்துக்கொண்டார். கிளாரினெட்காரர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆனால் திறந்தவெளியில் நின்று அந்த ஒலியைக் கேட்டவர்கள் வைகலைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அவருடைய பெரிய வேலை 1936 அக்டோபரில் நடந்தது. அதற்கு 4 ஆண்டுகள் முன்பே, போட்டிப் பல்கலைக்கழகமான மிச்சிகனின் பேண்ட் இதே ஸ்டேடியத்தில் ‘ஓஹையோ’ என்று எழுதிக் காட்டியிருந்தது. வைகல் அந்தச் சொல்லை நடந்தபடியே எழுதவைத்தார். டிரம் மேஜர் முன்னே போக, ஒருவர் பின் ஒருவராக, ஆங்கிலக் கூட்டெழுத்தில் ஒரே கோடாக எழுத்துகள் விரியும். ஒரு சுழி இன்னொரு கோட்டை வெட்டும் இடத்தில் யாரும் நிற்பதில்லை. இந்த வரிசையில் ஒருவர், அந்த வரிசையில் ஒருவர் என்று ஷூ லேஸ் கோப்பதுபோல ஊடுருவிக் கடக்கிறார்கள். அரை விநாடி பிந்தினாலும் டிராம்போன் பக்கத்தில் வருபவரின் முகத்தில் இடிக்கும். எல்லாம் பிரெஞ்சு அணிவகுப்பு இசையான ‘சாம்பர் எ மியூஸ்’ ஒலிக்கும்போதே நடக்க வேண்டும்.

வெட்டும் இடத்தில் எதைப் பார்த்து நடக்கிறீர்கள் என்று ஒரு சூசஃபோன் மாணவியிடம் கேட்டேன். முன்னால் போகிறவரின் முதுகை மட்டும்தான் என்றார். குறுக்கே வருகிறவரைப் பார்த்தால் கால் தயங்கிவிடுமாம்.

மற்ற நிகழ்ச்சிகளுக்கு முதுகு போதாது. ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி உண்டு. எந்தத் தாளத்தில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்று வரைபடம் சொல்லும். முன்பு அது கட்டுக்கட்டாகக் காகிதம். 2013-இல் மாணவர்களே யோசனை சொல்லி ஐபேட் வந்தது. அதே ஆண்டு மைக்கேல் ஜாக்சனின் உருவத்தை மைதானத்தில் ‘மூன்வாக்’ நடக்கவைத்தார்கள். உலகமே அந்த வீடியோவைப் பார்த்தது. எனக்கும் அது வியப்புதான். இருந்தாலும் திரையில்லாமல், முதுகை நம்பி எழுதும் அந்த நான்கு எழுத்துக்கே என் மனம் போகிறது.

இந்த வரிசையில் பெண்களுக்கு இடம் கிடைத்தது 1973-இல்தான். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாவிட்டால் இன்னும் தாமதமாகியிருக்கும். சேர்த்துக்கொண்டதோடு எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. பாலியல் கொச்சை நிறைந்த பழக்கங்கள் பேண்டில் வேரோடியிருப்பதாகப் பல்கலைக்கழக விசாரணை கூறியதையடுத்து, 2014-இல் இயக்குநர் பதவிநீக்கம் செய்யப்பட்டார். பழைய மாணவர்களில் பலர் அதை எதிர்த்தார்கள். ஆனால் பட்டப்பெயரும் சடங்குமாக வந்ததெல்லாம் மரபு என்று காப்பாற்றத் தக்கதல்ல. வைகலே மரபை வெட்டித்தான் இந்தப் பேண்டை உருவாக்கினார்.

இங்கே யாருக்கும் இடம் நிலையில்லை. ஒவ்வொரு வரிசையிலும் ஆட்ட நாளில் நடப்பவர்களோடு பதிலாட்களும் உண்டு. நடப்பவரை அவர்கள் போட்டிக்கு அழைத்து, நடையிலும் வாசிப்பிலும் வென்றால் இடத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘ஓஹையோ’வில் உள்ள ‘ஐ’ எழுத்தின் மேல் புள்ளியாகப் போய் நின்று, தொப்பியைக் கழற்றித் தலைவணங்கும் பேறு நான்காம், ஐந்தாம் ஆண்டு சூசஃபோன்காரர்களுக்குத்தான். 1936-இல் முதலில் அங்கே நின்றவர் டிரம்பெட்காரர். பிறகுதான் அது சூசஃபோனுக்குப் போனது.

நான் பேசிய மாணவி மூன்றாம் ஆண்டு. அடுத்த வாரம் அவரைப் போட்டிக்கு அழைத்திருப்பது ஒரு முதலாண்டு மாணவி. அவளுக்கு நல்ல மூச்சு, திருப்பத்தில்தான் இடது கால் தாழ்கிறது என்றவர், அதை அவளிடமே சொல்லியும் விட்டாராம்.