ஏலத் தொகையும் நாளைய நாளும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். முதல் வாரத்திலேயே, "இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்" என்று தரம் பிரிக்கும் பழக்கம் நம்மிடமும் இருந்தது.

எழுத்துக் கூட்டத் திணறிய ஒரு பிள்ளையை, "கடையில் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லித் தகப்பனாரிடம் அனுப்பினோம். அவரோ மகனை வேறொரு மதரஸாவில் சேர்த்தார்.

தேர்வு செய்வோர் இடறுவது எங்கும் உள்ளதே. அமெரிக்கக் கால்பந்து அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசை முறையில் தெரிந்தெடுக்கின்றன. 2007இல் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸல் மூன்று பருவங்களே நிலைத்தார். 2000இல் 199ஆவதாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு முறை வாகை சூடினார்.

நம் ஐ.பி.எல். ஏலத்தைப் பாருங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பஞ்சாப் அணி 2017இல் 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அவ்வாண்டு அவர் வீழ்த்தியவை இரண்டே விக்கெட்டுகள். மறு ஆண்டு ஹைதராபாத் அணி கொடுத்த விலை 40 லட்சம். அவரே 2020 டிசம்பருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில், ஆஸ்திரேலிய மண்ணில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களம் இறங்கினார்.

ஏலம் கேட்போர் காண்பது நேற்றைய ஆட்டம். விலை கொடுப்பதோ நாளைய ஆட்டத்திற்கு. இடையில் காயமும் உண்டு, பயிற்சியும் உண்டு.

நாம் திருப்பி அனுப்பிய பிள்ளை ஹாபிழானார். ஒரு ரமலானில் அவர் தராவீஹ் தொழுவிக்க, நாம் பின்னால் நின்றோம். தொழுகை முடிந்ததும் அவர் முகத்தை நேரே நோக்க நமக்குக் கூசிற்று.

இப்பொழுது, "பிள்ளை தேறுவானா?" என்று பெற்றோர் கேட்டால், "நாளைக்கும் அனுப்பி வையுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.